நாலு வராத தொண்டை

லோர்னா: இன்னிக்குப் பாதத்தைப் பத்தி மட்டும் கேக்காதீங்க.

ஆர்டித்: சரி. வேற எதைக் கேக்கட்டும்?

லோர்னா: ஒண்ணும் வேண்டாம். அதோ மேஜை மேல இருக்கே கடிதாசு, அதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் பாட்டுக்குக் கிளம்பிடறேன். திங்கட்கிழமை காலையில ஏழு மணிக்கு என் நாற்காலியில இருப்பேன்.

ஆர்டித்: இருந்து?

லோர்னா: இருந்து போன் எடுப்பேன். பதினேழு வருஷமா 911 அவசர உதவி மையத்துல உக்காந்து வேற என்ன பண்ணேன்?

ஆர்டித்: மூச்சு நின்னுபோன ஆளுக்காக யாராவது கூப்பிட்டா, 'நெஞ்சுல அழுத்துங்க, நான் எண்ணுறேன்'னு சொல்லி நாலு வரைக்கும் எண்ணிடுவீங்களா?

லோர்னா: எடுத்த எடுப்புலயே அங்க போகணுமா?

ஆர்டித்: கடிதாசுல அதானே எழுதியிருக்கு. 'உடலளவிலும் மனதளவிலும் அவசர அழைப்புகளைக் கையாளத் தகுதி பெற்றுள்ளார்.' மேல உங்க பேரு, கீழ என் பேரு. நடுவுல எவனோ ஒருத்தன் பெண்டாட்டி தரையில கிடக்குறா.

லோர்னா: சாதுன்னு நினைச்சேன். நல்லாத்தான் கடிக்கிறீங்க, டாக்டரம்மா.

ஆர்டித்: டாக்டர் இல்ல, உடம்பு வழியா மனசைப் பாக்குற தெரபிஸ்ட். எத்தனை தடவை சொல்றது.

லோர்னா: இதுக்கு முன்னாடி பாத்த ஆளு டாக்டர்தான். ஆறு வாரம் எங்க அம்மாவைப் பத்தியே கேட்டான். என் தொண்டை அடைச்சதுக்கும் அவ சுட்ட மீட்லோஃப் கறிக்கும் என்ன சம்பந்தம்னு இன்னி வரைக்கும் புரியல. சரின்னு இங்க வந்தா, நீங்க பாதம் தரையில படுதா, முதுகு சாஞ்சிருக்கா, வயிறு என்ன சொல்லுதுன்னு... என் வயிறு எப்பவும் ஒண்ணேதான் சொல்லும். பச்சை மிளகாய் பரீட்டோ.

ஆர்டித்: இப்ப சிரிச்சீங்க பாருங்க, தோள் ரெண்டும் இறங்குச்சு.

லோர்னா: சிரிச்சாலும் விட மாட்டீங்களா...

ஆர்டித்: ரெண்டையும்தான் கேப்பேன். உங்க அம்மா கதையையும் கேப்பேன், உங்க தோளையும் கேப்பேன். ஜனவரியில நடந்தது முடிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரியுது. உங்க தொண்டைக்கு இன்னும் தெரியல. அது இன்னமும் அந்தப் போன்லயே இருக்கு.

லோர்னா: அதுக்குத் தனியா ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்களேன்.

ஆர்டித்: ஒன்பது வாரமா அதைத்தான் பண்றோம். எடுக்க மாட்டேங்குது.

லோர்னா: இந்தக் கவுன்ட்டியில நாலு குழந்தைங்க போன்ல என் குரலைக் கேட்டுத்தான் பொறந்துச்சு. அதையும் கடிதாசுல எழுதுங்க.

ஆர்டித்: இப்ப நாலுன்னு சொன்னீங்க. தடங்கலே இல்ல.

லோர்னா: சும்மா சொல்ற நாலு வேற. கடையில போயி நாலு ஆப்பிள் கேப்பேன். அங்க ஒருத்தன் கைக்குக் கீழ ஒரு நெஞ்சு இருக்கும்போது, அந்த வேகத்துல சொல்லணும் பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு... அங்கதான். யாரோ உள்ளேருந்து கதவைச் சாத்துற மாதிரி.

ஆர்டித்: இப்பவும் சாத்துதா?

லோர்னா: லேசா.

ஆர்டித்: எழுந்திருங்க. சுவத்துகிட்ட வாங்க. வேண்டாம்னு தோணினா கையைத் தூக்குங்க, அங்கேயே நிறுத்திடலாம். ஏன்னு கேக்க மாட்டேன்.

லோர்னா: இந்த ரூம்ல எனக்கு இருக்குற ஒரே அதிகாரம் அது.

ஆர்டித்: ரெண்டு உள்ளங்கையையும் சுவத்துல வைங்க. தள்ளுங்க. முழு பலமா வேண்டாம். உடம்புல எங்கெல்லாம் வேலை நடக்குதுன்னு தெரியற அளவுக்குப் போதும்.

லோர்னா: தோள்... இடுப்பு. தொடை. சரி, பாதமும்தான். சந்தோஷமா?

ஆர்டித்: நான் கேக்கவே இல்ல.

லோர்னா: மூஞ்சியில எழுதியிருக்கு.

ஆர்டித்: இப்ப தள்ளிக்கிட்டே எண்ணுங்க. உங்க வேகத்துல.

லோர்னா: ஒண்ணு. ரெண்டு. மூணு...

ஆர்டித்: அவசரமே இல்ல.

லோர்னா: ...

ஆர்டித்: கையைத் தூக்கிட்டீங்க. சரி, நிறுத்தியாச்சு. ரூமை ஒரு சுத்துப் பாருங்க. கண்ணுல என்ன படுதோ சொல்லுங்க.

லோர்னா: ஜன்னல். பனி. உங்க பக்கத்துக் கடைக்காரன் மறுபடியும் என் ட்ரக்குக்குக் குறுக்க வண்டியை நிறுத்தியிருக்கான், படுபாவி.

ஆர்டித்: குரல் வந்துடுச்சு.

லோர்னா: திட்டுறதுக்கு மட்டும் வரும்.

ஆர்டித்: ஒண்ணு கவனிச்சேன். சொல்லட்டுமா?

லோர்னா: வேண்டாம்னா விடவா போறீங்க.

ஆர்டித்: மூணு சொன்னதும் நீங்க தலையை இடது பக்கம் கொஞ்சம் சாய்க்கிறீங்க. ஒவ்வொரு வாரமும். பயந்தவங்க அப்படிச் சாய்க்க மாட்டாங்க. எதையோ கேக்குற மாதிரி இருக்கு. அந்தப் போன்ல மூணுக்கு அப்புறம் ஏதோ கேட்டுது உங்களுக்கு. என்கிட்ட சொல்லல.

லோர்னா: எல்லாத்தையும் சொல்லிட்டேன். பெரியவர் கூப்பிட்டார். பெண்டாட்டி பாத்ரூம்ல விழுந்து கிடக்குறா, மூச்சு இல்ல. எண்ண ஆரம்பிச்சேன். தொண்டை அடைச்சுது. பக்கத்துல இருந்த டுவைட் என் ஹெட்செட்டைப் புடுங்கி அவன் எண்ணினான். என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல.

ஆர்டித்: இல்லேன்னு சொல்லும்போதும் தலை சாயுது.

லோர்னா: ஒன்பது வாரம், ஆர்டித். ஒன்பது வாரமா மூணுலயே நிக்கிறேன். திங்கட்கிழமை நான் போகலேன்னா அந்த நாற்காலி வேற ஒரு பொண்ணுக்கு. எங்க ஆபீஸ் தலைவர் ஷெரிஃப் தெளிவாச் சொல்லிட்டார். என்னைப் பழைய காகிதத்தோட காகிதமா ஃபைல் ரூம்ல போட்டுடுவாங்க. எனக்கு வேற வேலை தெரியாது. வேற வேலை வேண்டவும் வேண்டாம்.

ஆர்டித்: தெரியும்.

லோர்னா: அப்ப இதைப் பண்ணுங்க. அந்தத் திண்டைத் தரையில போடுங்க. நான் அழுத்துறேன். நீங்க எண்ணுங்க.

ஆர்டித்: நானா?

லோர்னா: உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டு நான் நாலைத் தாண்டிடுவேன். ஒரே ஒரு தடவை.

ஆர்டித்: அது... முதல்ல உக்காருங்க. கால் ரெண்டையும் தரையில நல்லா...

லோர்னா: பாத்தீங்களா.

ஆர்டித்: என்ன?

லோர்னா: எண்ணுற பேச்சு எடுத்தா பாதத்துக்கு ஓடிடறீங்க. மூணாவது வாரமும் அப்படித்தான். ஆறாவது வாரம் தண்ணி குடிக்கணும்னு பாதியில எழுந்து போனீங்க. நீங்க ஆளைக் கண்ணால படிக்கிறவங்க. நான் மூஞ்சியே பாக்காம காதால மட்டும் படிச்சவ. நான் 'ஒண்ணு'ன்னு ஆரம்பிச்சா உங்க மூச்சு பாதியில நின்னுடுது.

ஆர்டித்: எதிர்ல இருக்குறவங்க உடம்பு இறுகினா நம்ம உடம்பும் சேந்து இறுகும். எங்க வேலையில அது சகஜம்.

லோர்னா: சகஜம்னா கையை ஏன் மறைக்கிறீங்க?

ஆர்டித்: மறைக்கல.

லோர்னா: உங்க மடியைப் பாருங்க. ஒரு கை மேல இன்னொரு கை. கீழ இருக்குற கையோட விரல்ங்க மேல தூக்கி நிக்குது. மணிக்கட்டு கீழ அழுத்துது. அப்படி யாரும் சும்மா உக்கார மாட்டாங்க. நெஞ்சை அழுத்த அப்படித்தானே கை வைக்கணும்னு நான் ஊருக்கெல்லாம் போன்ல சொல்லிக் குடுக்குறேன். பிரிச்சு வைங்க. கோவமா சொல்லல.

ஆர்டித்: இது உங்களுக்கான நேரம், லோர்னா. என்னைப் பத்திப் பேசறதுக்கு இல்ல.

லோர்னா: வில்லோ க்ரீக் ரோடு. மூணாவது கேட். பிப்ரவரி மாசம், மத்தியானம். நாலு வருஷம் ஆச்சு. பனி ஒதுக்குற வண்டி அந்தப் பக்கம் வரவே இல்ல. ஆம்புலன்ஸ் வந்து சேர இருபத்தோரு நிமிஷம்.

ஆர்டித்: நிறுத்துங்க.

லோர்னா: கையைத் தூக்குங்க, நிறுத்துறேன். உங்க சட்டம்தானே.

ஆர்டித்: ...

லோர்னா: தூக்கல.

ஆர்டித்: எப்பத்திலேருந்து தெரியும்?

லோர்னா: முதல்லேருந்து. கூப்பிட்டவங்க பேருன்னு உங்க பேரை நான்தானே அன்னிக்குத் திரையில அடிச்சேன். அந்த டாக்டர் ஒத்து வரலேன்னதும் ஷெரிஃப் ஆபீஸ்ல குடுத்த பட்டியல்ல ஏழு பேரு. உங்க பேரைப் பாத்ததும் மத்த ஆறைப் படிக்கவே இல்ல. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?

ஆர்டித்: நேரம் கேட்டுப் போன் பண்ணீங்களே, 'ஹலோ, நான் லோர்னா பேசறேன்'னு... அப்பவே. போனை வெச்சுட்டு அரை மணி நேரம் கார்ல உக்காந்திருந்தேன்.

லோர்னா: அப்புறம் ஏன் வரச் சொன்னீங்க?

ஆர்டித்: சொல்லியிருக்கக் கூடாது. அன்னிக்கே வேற ஆள்கிட்ட அனுப்பியிருக்கணும். இப்படி முன்னாடியே ஒட்டு உறவு இருக்குறவங்களைப் பாக்கக் கூடாதுன்னு, புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்கு நான்தான் பாடம் எடுக்குறேன். தெரிஞ்சே பண்ணேன். அந்தக் குரலை இன்னொரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. வேற நியாயம் எதுவும் என்கிட்ட இல்ல.

லோர்னா: நானும் நியாயத்தோட வரல. எங்க வேலையில முடிவு தெரியாது. ஆம்புலன்ஸ்காரன் வாசலுக்கு வந்துட்டான்னா 'சரி, வைக்கிறேன்'னு சொல்லிட்டு அடுத்த போனை எடுக்கணும். பொழைச்சாங்களா, போனாங்களா, யாரும் வந்து சொல்றதில்ல. நாமளும் தேடிப் போயிக் கேக்கக் கூடாது. அவர்...

ஆர்டித்: எமெட். என் வீட்டுக்காரர் பேரு எமெட். வீட்டுலயே போயிட்டார்.

லோர்னா: கஷ்டமா இருக்கு. நாலு வருஷம் கழிச்சுச் சொல்றேன். இருந்தாலும் கஷ்டமாத்தான் இருக்கு.

ஆர்டித்: முதல் நிமிஷத்துலயே எல்லாம் முடிஞ்சிருக்கும்னு டாக்டருங்க சொன்னாங்க. யார் என்ன பண்ணியிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாராம். எனக்குப் புரியுது. கைக்குத்தான் புரியல.

லோர்னா: இதை வெச்சுக்கிட்டா எங்க தோளைச் சரி பண்றீங்க?

ஆர்டித்: குறும்பு போகல உங்களுக்கு.

லோர்னா: பயந்தா எனக்கு வாய் நீளும். அந்தப் பாழாப்போன கடிதாசைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க.

ஆர்டித்: அதுல நான் கையெழுத்துப் போட முடியாது, லோர்னா.

லோர்னா: இதைச் சொல்லுவீங்கன்னு தெரியும். வில்லோ க்ரீக்னு வாயைத் திறந்தப்பவே என் திங்கட்கிழமையை நானே கிழிச்சுப் போட்டுட்டேன்னு தெரியும்.

ஆர்டித்: இப்ப நாலு வந்தாலும் போட முடியாது. நான் போடற கையெழுத்துக்கு மதிப்பு இல்ல. சாயங்காலத்துக்குள்ள ஷெரிஃபைக் கூப்பிட்டு, தப்பு என் மேலதான், அவங்க மேல இல்லேன்னு சொல்லுவேன். உங்களுக்கு ஒரு மாசம் டைம் கேப்பேன். பட்டியல்ல இருக்குற மத்தவங்கள்ல யாராவது உங்களைப் பாக்கட்டும்.

லோர்னா: இது வெளிய வந்தா உங்க லைசென்ஸ்?

ஆர்டித்: போகலாம். அதை நான் பாத்துக்கறேன்.

லோர்னா: ஷெரிஃப் குடுக்க மாட்டார். ஒரு நாள் கூடக் குடுக்க மாட்டார்.

ஆர்டித்: கேப்பேன். நேர்ல போயே கேப்பேன்.

லோர்னா: அப்ப உங்ககிட்டேருந்து நான் வாங்கிக்கக்கூடியது ஒண்ணுதான் பாக்கி. எண்ணுங்க. அதுக்காகத்தான் வந்தேன். பாதத்துக்கும் வரல, கடிதாசுக்கும் வரல. இருபத்தோரு நிமிஷம் நடுவுல உடையாம எண்ணின குரல் அது. அதைப் பக்கத்துல உக்காந்து ஒரு தடவை கேட்டா என் தொண்டை திறந்துடும்னு வந்தேன்.

ஆர்டித்: முடியாது.

லோர்னா: ஏன் முடியாது? உங்களுக்கு அப்புறம் கூப்பிட்ட அத்தனை பேர்கிட்டயும் உங்களைப் பத்தித்தான் சொல்லியிருக்கேன், பேரைச் சொல்லாம. கை வலிக்குதுன்னு அழுவாங்க. 'ஒரு பொம்பளை தன்னந்தனியா இருபத்தோரு நிமிஷம் அழுத்தினா, உங்களாலயும் முடியும்'பேன். அழுத்துவாங்க.

ஆர்டித்: அப்படிச் சொல்லாதீங்க.

லோர்னா: ஜனவரியில அந்தப் பெரியவர்கிட்டயும் சொன்னேன். ஹேவர்ட்டின்னு பேரு. எழுபத்தாறு வயசு. அதான் உங்ககிட்ட நான் சொல்லாதது. எண்ண ஆரம்பிச்ச உடனே தொண்டை அடைக்கல. பதினோரு நிமிஷம் அந்த மனுஷன் அழுத்திக்கிட்டே இருந்தார், நானும் எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்புறம் மூணு சொல்லி வாயை மூடல, அவர் கேட்டார். கத்தல, அழல. அமைதியாக் கேட்டார். 'அம்மா, கையில பலம் இல்ல. அவ போயிட்டான்னு நினைக்கிறேன். நிறுத்திடட்டுமா?'

ஆர்டித்: நீங்க என்ன சொன்னீங்க?

லோர்னா: கூடாதுன்னு சொல்லணும். எங்க விதிமுறை அட்டையில அப்படித்தான் போட்டிருக்கு. ஆளுங்க வந்து தோளைத் தொடற வரைக்கும் விடக் கூடாது. எனக்குச் சரின்னும் வரல, கூடாதுன்னும் வரல. ரெண்டும் ஒண்ணா வந்து தொண்டையில மாட்டிக்கிச்சு. அவர் 'அம்மா, இருக்கீங்களா, இருக்கீங்களா'ங்கறார். நான் இருக்கேன். ஆனா குரலே வரல.

ஆர்டித்: அப்பதான் டுவைட்...

லோர்னா: டுவைட் எண்ணினான். பெரியவர் மறுபடி அழுத்தினார். ஆளுங்க போறதுக்குள்ள அவருக்கே மூச்சு வாங்கி... பொழைச்சுக்கிட்டார்னு டுவைட் ரகசியமா விசாரிச்சுச் சொன்னான். அந்தம்மா இல்ல.

ஆர்டித்: நான் பண்ணினதைச் சொல்லியா அந்த மனுஷனை அழுத்த வெச்சீங்க?

லோர்னா: ஆமா.

ஆர்டித்: உக்காருங்க, லோர்னா. இல்ல, பாதத்தைப் பத்திக் கேக்கப் போறதில்ல. இதை நீங்க உக்காந்து கேக்கணும்.

லோர்னா: உங்க உதடு வெளுத்துப்போச்சு.

ஆர்டித்: தெரியுது. இருக்கட்டும்.

லோர்னா: மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல. லைன்லதான் இருக்கேன்.

ஆர்டித்: அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க. இதே வார்த்தை. அதுக்காகத்தான் நான்... இருபத்தோரு நிமிஷம் நான் அழுத்தல. ஆறோ ஏழோ நிமிஷம் ஆகியிருக்கும். அவர் முகத்தைப் பாத்தேன், தெரிஞ்சுபோச்சு. கையை எடுத்துட்டேன். வலியால இல்ல, நானேதான் எடுத்தேன். அதுக்கப்புறம் வாய் மட்டும்தான் எண்ணிச்சு. எண்ணுறதை நிறுத்தினா நீங்க போனை வெச்சுடுவீங்கன்னு பயம். வெளிய பனி, அவர் பக்கத்துல நான் ஒருத்தி. நீங்க போயிடக் கூடாதுன்னுதான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆம்புலன்ஸ் ஆளுங்க கதவைத் தட்டினப்பதான் திரும்பக் கையை அவர் மேல வெச்சேன். நல்லாப் பண்ணீங்கம்மான்னு என் தோளைத் தட்டிக் குடுத்தாங்க. இந்த நாலு வருஷத்துல இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல.

லோர்னா: எனக்குத் தெரியும், ஆர்டித். நீங்க அழுத்துற ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுத் தரைப் பலகை கிறீச் கிறீச்சுன்னு எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஏழாவது நிமிஷத்துல அது நின்னுபோச்சு. 'கையை எடுக்காதீங்க, அழுத்துங்க'ன்னு நான் கத்தியிருக்கணும், கத்தல. அவர் போயிட்டார், இனிமே இவங்களுக்குக் கூட ஒரு ஆள் இருந்தாப் போதும்னு நானே முடிவு பண்ணேன். அது யாருக்கும் தெரிஞ்சிடக் கூடாதுன்னுதான் இருபத்தோரு நிமிஷம் அழுத்தினாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன், அந்தப் பெரியவர்கிட்டயும் சொன்னேன். உங்களை நிறுத்த விட்டேன், அதே அனுமதியை அவருக்குக் குடுக்க வாய் வரல. அன்னிக்குப் பதினாலு நிமிஷம், உங்க கை சும்மா இருக்குன்னு தெரிஞ்சே, உங்களோட சேந்து நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்... ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.